கீழ் இமையின் நிறம்

கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பூச்சிக் குளிசை விற்பதும் என் தொழிலில் சேர்த்தி. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், இருக்கும் தாய்மார் வந்து வாங்கிப் போவார்கள். என் அம்மா மட்டும் வாங்கியதில்லை. அவருக்கு எல்லாப் புழுவுக்கும் வேப்பிலைதான்.

என்னையும் தங்கையையும் வளர்த்த காலத்தில், விடுமுறையின் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். விடிய எழுப்பி, வெறுவயிற்றில், வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து உருட்டிய உருண்டை ஒன்றை வாயில் வைத்து மூக்கைப் பிடித்துக்கொள்வார். அடுத்த நாள் காலையில் பேதிக்கு ஆமணக்கெண்ணெய். அதற்குப் பிறகு சில நாட்களுக்குத் தேங்காயும் கத்தரிக்காயும் இல்லாத பத்தியச் சோறு. விடுமுறை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் நாக்கின் அடியில் கசக்கும்.

ஒழுங்கையின் மற்றப் பிள்ளைகளும் அம்மாவிடமிருந்து தப்பவில்லை. பக்கத்து வீட்டு நானாவின் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் குசினி வாசலில் வரிசையில் நின்று வாயைத் திறந்தவர்கள். அவர்களைப் பிடித்துக் கொண்டுவருவது நானாவின் மனைவி. பிள்ளைகள் துப்பத் துப்ப இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படித் தொடங்கிய சிநேகம் நாற்பது வருடம் நின்றது. பிள்ளைகள் இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். வயிறு சுகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நானாவின் மனைவி போன வருடம் காலமானார்.

நானா என்பது அவருடைய பெயரல்ல, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல். ஒழுங்கையில் சிறிசு பெரிசு எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இரும்புச் சாமான் கடை வைத்திருந்து, வயது போனதும் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்வளவு ஒன்றுதான். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுநீர்க் கான், ஒரு கொய்யா மரம், நடுவில் இடுப்பளவு மதில். மதிலில் பாதி எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் அதைத் திரும்பக் கட்ட நினைக்கவில்லை.

அந்த வளவுக்குள் ஒருநாள் ஒரு ஆடு வந்து நின்றது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. வழக்கமாக நானாவும் மனைவியும் சொந்தக்காரரோடு சேர்ந்து ஒரு மாட்டில் பங்கு எடுத்துக் குர்பான் கொடுப்பார்கள், அறுத்து ஏழைக்கும் அயலுக்கும் பங்கிடும் பலி. மனைவிக்கு அதில் முழுத் திருப்தி இருந்ததில்லை. ஒரு தரமாவது ஒரு முழு ஆடு கொடுக்க வேண்டும், அதுவும் கடைசி நாளில் சந்தையில் வாங்கியதாக இல்லாமல் வீட்டில் தீன் போட்டு வளர்த்ததாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். இதை அம்மாவிடம் விழுந்த மதிலுக்கு மேலால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோதும் இதையே சொன்னாராம். அம்மாவும், "ஓம், அடுத்த பெருநாளைக்குக் குடுப்பம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார். அந்த நிலையில் கிடப்பவருக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வெளியே வந்து பஸ் ஏறும்போது பாதி மறந்துபோகும். அம்மா அந்த ரகமல்ல.

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நானா அந்த ஆட்டை மனைவியின் பேரால் கொடுப்பதென்று நினைத்து, ஹெந்தளைப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பத்திடம் வாங்கி வந்திருந்தார். மண்ணிறக் கிடாய், ஒரு காது மட்டும் வெள்ளை. வாங்கும்போது ஆள் நல்ல உருப்படியாக இருந்ததாம். வந்த பிறகு நானா பலா இலையும் புண்ணாக்கும் கொட்டிக் கொட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் தின்றது. தின்னத் தின்ன மெலிந்தது. மயிர் தும்புபோல நட்டுக்கொண்டு நின்றது. பிழுக்கை பிழுக்கையாக விழவில்லை, அதற்கு மேல் விபரிக்க விரும்பவில்லை. பிறகு ஒருநாள் தாடைக்குக் கீழே ஒரு பை மாதிரி வீங்கியது.

"மகன், நீங்க மருந்துக்கடைல தானே. பார்த்து செல்லுங்க, இது என்னத்துக்கு இப்பிடி ஈக்கிது?" என்று நானா காரணத்தைச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

மருந்துக்கடையில் வேலை செய்பவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஒழுங்கையின் நம்பிக்கை. எனக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். நானா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். குர்பானுக்குக் கொடுக்கும் பிராணி நொண்டியாகவோ குருடாகவோ எலும்பும் தோலுமாகவோ இருக்கக்கூடாது, இப்படியே போனால் இதைக் கொடுக்க முடியாது என்றார். அதைச் சொல்லும்போது மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வயது என்று நினைத்தேன்.

வெள்ளவத்தையில் என் தங்கை இருக்கும் தொடர்மாடிக்குக் கிட்ட ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார். ஆட்டை ஆட்டோவில் ஏற்றி, நடுவில் அதுவும் இரண்டு பக்கமும் நானும் நானாவுமாகக் காலிக்குப் போகும் பெருவீதியில் போனோம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வைத்தியரிடம் வந்திருந்த மற்ற நோயாளிகள் எல்லாம் தொடர்மாடிப் பூனைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கூடைக்குள் இருந்தது. நாங்கள் உள்ளே போனதும் பூனைகளின் சொந்தக்காரர்கள் கூடைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆடு மேசையில் கிடந்த சஞ்சிகை ஒன்றின் அட்டையைத் தின்றது.

வைத்தியர் இளம் பெண். ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் மெதுவாக இழுத்து எங்களுக்குக் காட்டினார். உள்பக்கம் கீறிய தேங்காய்ச் சொட்டு மாதிரி வெளிறியிருந்தது.

"வயித்தில புழு. இரத்தத்தைக் குடிக்கிற புழு. ஈரப் புல்லில இருந்து வாறது. சுகமான ஆடெண்டா இந்த இடம் நல்ல சிவப்பா இருக்கவேணும்" என்றார்.

மருந்து இருக்கிறது, வாயில் ஊற்றினால் போதும், ஆனால் ஊற்றிய பிறகு குறிப்பிட்ட நாட்களுக்கு இறைச்சியைச் சாப்பிடக்கூடாது என்றார். நானா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பெருநாள் அந்த நாட்களுக்குள்ளே விழுந்தது.

"அப்ப இலை, குழை மருந்து ஏதாச்சும்?" என்று கேட்டார்.

வைத்தியர் எங்களை ஏமாற்றவில்லை. வேம்பு, பப்பாசி விதை என்று ஆட்கள் கொடுக்கிறார்கள்தான், சில ஆட்டுக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது என்றார். செய்வதானால் ஒவ்வொரு நாளும் கீழ் இமையைப் பார்க்கவேண்டும். "இன்னும் வெள்ளையாப் போச்செண்டா பெருநாளை மறந்திட்டு இஞ்ச கொண்டு வாங்கோ. இல்லாட்டிச் செத்துப்போயிடும்" என்றார். ஆடு தின்ற சஞ்சிகை அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேம்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நானா நேரே மதிலடிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்கட கைமருந்து ஓணும்."

அம்மா ஆட்டைப் பார்த்தார். பிறகு அது யாருக்காக வந்து நிற்கிறது என்பதையும் யோசித்திருப்பார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கசாப்புக்கடை வரும் என்று வீதியின் மற்றப் பக்கத்தால் நடப்பவர். அவரிடம் ஒரு ஆட்டைக் கத்திக்குத் தகுதியாக்கித் தரும்படி கேட்கிறார்கள்.

"பிள்ளையெண்டா என்ன, ஆடெண்டா என்ன? பூச்சி பூச்சிதானே" என்றார் அம்மா. "நாளைக்கு விடிய ஒண்டும் தின்னக் குடுக்காதேங்கோ."

இதில்தான் பிழை நடந்தது. அம்மா ஆட்டுக்கு எங்களுக்குச் செய்த அதே வைத்தியத்தை ஒரு படிகூடக் குறைக்காமல் செய்தார். வெறுவயிற்றில் வேப்பங்கொழுந்து உருண்டை. ஆட்டின் மூக்கைப் பிடிக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அடுத்த நாள் காலையில் ஆமணக்கெண்ணெய், ஆட்டின் பருமனை உத்தேசித்துக் கொஞ்சம் தாராளமாக. பிறகு பத்தியம். புண்ணாக்கு நிறுத்தப்பட்டது. பலா இலை கிரந்தி, சொறி கிளப்பும் என்று விலக்கப்பட்டது. உள்ளியும் மிளகும் போட்ட ரசத்தில் குழைத்த சோறு ஒரு அலுமினியச் சட்டியில் ஆட்டின் முன்னால் வைக்கப்பட்டது. என் சிறுவயதுச் சட்டிதான் அது. வைத்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

ஆடு படுத்துவிட்டது. எழும்பவேயில்லை. நானா அதன் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வரவில்லை. நான் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எண்ணெய் குடுக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்று அவர் கேட்டார்.

"வீட்டில ஒருத்தர்" என்றேன்.

ஆட்டைப் பட்டினி போடக்கூடாதாம், அதன் வயிற்றில் எப்போதும் இலை குழை இருக்கவேண்டுமாம். எண்ணெயை நிறுத்துங்கோ, சோற்றை நிறுத்துங்கோ, இலையைக் கொடுங்கோ. அதையும் நிலத்தில் போடாமல் உயரத்தில் கட்டுங்கோ, கானோரத்துப் புல்லில் வாய் வைக்க விடாதேங்கோ, அந்த ஈரத்தில்தான் அதன் புழு திரும்பவும் அதற்குள்ளேயே போகிறது என்றார். நான் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன்.

"வேப்பிலையை நிப்பாட்டச் சொன்னவவோ?"

"இல்லை."

"அப்ப சரி" என்றார் அம்மா. தோல்வியை இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்டவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் பின்வளவு ஒரு வைத்தியசாலையாக மாறியது. கொய்யா மரக் கிளையில் பலாக் குழையும் அகத்திக் குழையும் கட்டித் தொங்கும். மரவள்ளி இலையை ஒருநாள் வெயிலில் வாடவிட்டுத்தான் கட்டவேண்டும், பச்சையாகக் கொடுத்தால் விஷம், அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கானோரப் புல்லை நான் மண்வெட்டியால் செதுக்கி எறிந்தேன். நிலத்தைக் கூட்டிக் காயவைப்பதும் என் தலையில் விழுந்தது. ஒழுங்கை முனை வீட்டுச் சிங்கள அன்ரி, விஷயம் கேள்விப்பட்டு, வெயிலில் காயவைத்து இடித்த பப்பாசி விதை ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து தந்தார். வெற்றிலைக் கடைக்காரர் பச்சைப் பாக்கை இடித்துக் கொடுக்கச் சொன்னார். பாக்கு புழுவையும் கொல்லும், அளவு தப்பினால் ஆட்டையும் கொல்லும் என்று எங்கோ படித்த ஞாபகம், அதனால் அதை மட்டும் நான் தடுத்தேன். மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் என் மொத்தப் பங்களிப்பு அதுதான்.

மருந்து கொடுப்பதில் ஒரு மொழிப் பிரச்சினை இருந்தது. ஆடு ஹெந்தளையில் சிங்களத்தில் வளர்ந்தது. தமிழில் எவ்வளவு கெஞ்சினாலும் கேட்காத மாதிரி நிற்கும். நானா "மெஹெ எண்ட", இங்கே வா, என்றால் வரும். அம்மா கொழும்புக்கு வந்து நாற்பது வருடத்தில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் படித்திருந்தார். ஆட்டுக்காக மேலும் இரண்டு சொல் படித்தார். வேப்பிலையையும் பப்பாசி விதையையும் கித்துள் கருப்பட்டியில் பொதிந்து, முன்னால் போய் நின்று, "கட்ட அரிண்ட" என்பார். வாயைத் திற என்று அர்த்தம். கருப்பட்டி வாசத்துக்கு ஆடு வாயைத் திறக்கும். அம்மா அதைத் தன் சிங்களத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார். தங்கை வெள்ளவத்தையில் இருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா ஆட்டோட சிங்களம் கதைக்கிறாவாம், உண்மையோ?" என்று கேட்டாள். உண்மை என்றேன்.

மருந்து முடிந்ததும் கண் பார்ப்பது. பெருநாள் மாதத்துத் தலைப்பிறை கண்ட நாளில் இருந்து நானா நகம் வெட்டவில்லை, முடியும் வெட்டவில்லை. குர்பான் கொடுப்பவர் கொடுத்து முடியும்வரை வெட்டாமல் இருப்பது அவர்களுடைய வழக்கம். வளர்ந்த நகத்தோடு ஆட்டின் இமையைத் தொட அவருக்குப் பயம். அதனால் இமையை இழுப்பது அம்மா, குனிந்து பார்ப்பது நானா, வேலைக்குப் போகிற அவசரத்தில் சேர்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவில் நிற்பது நான்.

அந்த நாட்களில் நானா விடியவே சேலைத் துண்டு ஒன்றில் குழையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். சேலை மனைவியுடையது. வந்து வாளியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். முகம் காய்ந்திருக்கும். "சாப்பிட்டீங்களோ நானா?" என்று கேட்டால், "நோன்பு மகன்" என்பார். பெருநாளுக்கு முந்திய நாட்களில் அவர்கள் நோன்பு பிடிப்பதுண்டு. நோன்பில்லாத நாட்களில் கேட்டால், "பாணும் பிளேன்ரீயும் குடிச்ச" என்பார், ரொட்டியும் பால் விடாத தேநீரும்தான். பிறகு ஆட்டோடு பேசத் தொடங்குவார். மனைவி போன பிறகு அவர் யாரோடும் இரண்டு வசனத்துக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. ஆட்டோடு நிறையப் பேசினார், எல்லாம் சிங்களத்தில்தான். பிள்ளைகள் தொலைபேசியில் என்ன சொன்னார்கள், இரும்புக்கடையை வாங்கினவன் அதை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறான், மனைவிக்கு எந்தக் கறி திறமாக வரும். ஆடு அசை போட்டுக்கொண்டு கேட்கும். நானும் சில நாட்களில் பல் விளக்கிக்கொண்டே கேட்டேன். எனக்கு அந்த ஆட்டின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. பக்கத்து வீட்டில் இவ்வளவு காலம் இருந்தும் என்னிடம் அவர் இதெல்லாம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

ஆடு தேறியது. வேப்பிலையாலா, பப்பாசி விதையாலா, குழையை உயரத்தில் கட்டியதாலா என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் வேப்பிலை என்பார். அன்ரியைக் கேட்டால் பப்பாசி என்பார். புல்லைச் செதுக்கிய என்னிடம் யாரும் கேட்கவில்லை. தாடை வீக்கம் வற்றியது. மயிர் படிந்தது. பிழுக்கை பிழுக்கையாக விழுந்த அன்று அம்மா என்னைப் படுக்கையில் இருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

இமையும் மெல்ல மெல்ல நிறம் மாறியது. முதலில் வெள்ளைக்குள் ஒரு இளஞ்சிவப்பு. பிறகு இன்னும் கொஞ்சம். நோய் குணமாகக் குணமாக ஆயுள் குறைகிற நோயாளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவின் உறுதி தளரும், கொஞ்சம் கொஞ்சமாக வேப்பிலையைக் குறைப்பார், ஒருநாள் மறந்துவிட்டேன் என்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் காணாத மாதிரி இருந்திருப்பேன்.

தளர்ந்தது நானா.

"நல்ல சிவப்பு" என்றார் அம்மா ஒருநாள், இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

நானா குனிந்து வெகு நேரம் பார்த்தார். "இன்னும் வெளிறித்தான் ஈக்கிது தங்கச்சி."

"எங்க வெளிறல்? வடிவாப் பாருங்கோ."

"வெளிச்சம் பத்தாது."

காலை எட்டு மணி வெயில் கொய்யா மரத்துக்கு மேலால் நேரே ஆட்டின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஆட்டைக் கயிற்றைப் பிடித்து இன்னும் வெயிலுக்குள் இழுத்தார். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "மகன், நீங்க பாருங்க" என்றார். நான் பார்த்தேன். செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தது. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். கடை நடந்து போகும் தூரம்தான்.

அடுத்த நாளும் இதே. கண் சிவப்பு என்பதை நானா ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு கால் கொஞ்சம் நொண்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். அம்மா ஆட்டை வளவைச் சுற்றி இரண்டு தரம் நடத்திக் காட்டினார். அதற்கு மறுநாள் கொம்பில் ஒரு வெடிப்பு இருப்பதாகச் சொன்னார். அம்மா தடவிப் பார்த்துவிட்டு, அது காய்ந்த சேறு என்று நகத்தால் சுரண்டி எடுத்தார். முட்டை தொடாத மனுஷி ஒரு ஆட்டைக் குர்பானுக்குத் தகுதியானது என்று வாதாட, வாழ்நாள் முழுக்கக் குர்பான் கொடுத்த மனுஷன் அதில் ஊனம் தேட, நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். யார் பக்கம் பேசினாலும் பிழையாக இருந்தது.

பெருநாளுக்கு முந்திய தினம் நானா வாளியில் உட்கார்ந்து, ஆட்டைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, நான் வேறொண்டு வாங்கிக் குடுத்தா என்ன? கொலன்னாவைல மச்சான்ட வளவுல இன்னும் ஆடு ஈக்கிதாம். நல்ல ஆடுகள்."

அம்மா கொய்யாக் கிளையில் அவிழ்ந்த குழையை இறுக்கிக் கட்டினார். பிறகு, "வாங்கலாம். ஆனா அவ கேட்டது கடைசி நாளில வாங்கின ஆடில்லை" என்றார்.

"தெரியும்."

"உங்களிட்டயும் சொன்னவவோ?"

"செல்லாம இருப்பாளா? கடைசி நாளும் அதத்தான் சென்னா." நானா சேலைத் துண்டை மடித்து முழங்காலில் வைத்தார். "ஆசப்பட்டதத்தான் குடுக்கோணும், அது எனக்குத் தெரியாததில்ல. இது போனா வீட்டுல பேசுறதுக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. அதுதான்."

அம்மா ஆட்டின் அருகில் போய்க் கீழ் இமையை மறுபடி இழுத்தார். "சிவப்பு" என்றார். நானா இந்தத் தரம் குனிந்து பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் உள்ளே போன பிறகும் அம்மா ஆட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். "இந்தக் கண் வெள்ளையாவே கிடந்திருந்தா எனக்கும் சந்தோசம்தான்" என்றார் என்னிடம். "நான் அவவின்ர கையப் பிடிச்சுச் சொல்லிப்போட்டன். என்ன செய்யிறது?"

பெருநாள் காலை. தொழுகை முடிந்து நானா புதுச் சாரம் உடுத்து வந்தார், வளர்ந்த தாடியும் நகமும் அப்படியே இருந்தன. கொலன்னாவைக்குக் கொண்டுபோக மச்சானின் வான் ஒழுங்கை முனையில் நின்றது. அம்மா அன்றைக்கு விடியக் கோயிலுக்குப் போய்விடுவதாகத்தான் இருந்தது, உடுத்திக்கொண்டும் நின்றார். போகவில்லை. நானா கயிற்றை அவிழ்த்தபோது மதில் இடைவெளியால் வந்து ஆட்டுக்கு முன்னால் நின்றார்.

"கட்ட அரிண்ட" என்றார்.

ஆடு உடனே வாயைத் திறந்தது. அம்மாவின் கையில் மருந்து இருக்கவில்லை. கருப்பட்டித் துண்டு ஒன்று மட்டும் இருந்தது. அதை அதன் நாக்கில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் நானாவோடு வான்வரை போனேன். ஆடு வழியெல்லாம் கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு வந்தது.

பின்னேரம் நானா திரும்பி வந்தார். இறைச்சி முழுவதையும் அங்கேயே பங்கு வைத்து, ஏழைகளுக்கும் சொந்தக்காரருக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். தனக்கென்று எடுத்துவரவில்லை. அயலவருக்கும் ஒரு பங்கு சேரவேண்டும், எங்களுக்கு இறைச்சி கொடுக்க முடியாது, அதனால் ஒரு பெட்டி தொதல் இனிப்பு வாங்கி வந்திருந்தார். மனைவி இருந்த காலத்தில் பெருநாளுக்கு அம்மாவுக்கென்று தொதல்தான் கிண்டித் தருவார், வட்டிலாப்பத்தில் முட்டை இருக்கிறது என்று.

"அவ செய்ற மாதிரி இல்ல" என்றார் நானா.

"இல்லைத்தான்" என்றார் அம்மா, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு. இன்னொரு துண்டும் எடுத்தார்.

மறுநாள் காலையில் பழக்கத்தில் அந்த நேரத்துக்கே எழும்பிப் பின்வளவுக்குப் போனேன். நானா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார். நகமெல்லாம் வெட்டியிருந்தார். கொய்யா மரத்தில் தின்னாத குழை ஒரு கட்டுத் தொங்கியது. அவர் சிங்களத்தில் பேச அங்கே ஆடு இல்லை.

அம்மா குசினி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டைப் பார்த்த அதே பார்வை.

"தம்பி, இஞ்ச வா" என்று என்னைக் கூப்பிட்டார். "நானாவின்ர கண்ணை ஒருக்கா இழுத்துப் பார்."

நான் தயங்கினேன். அம்மா கையைக் காட்டினார். நானாவின் முன்னால் போய்க் குந்தி, கண்ணாடியைக் கழற்றி எடுத்தேன். அவர் மறுக்கவில்லை, தலையை நிமிர்த்தித் தந்தார். பெருவிரலால் கீழ் இமையை மெதுவாக இழுத்தேன். அன்று வெள்ளவத்தையில் ஆட்டின் கண்ணில் பார்த்த அதே தேங்காய்ச் சொட்டு நிறம். இவ்வளவு நாளும் இரண்டு பேர் அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காலையும் ஆட்டின் கண்ணைத்தான் பார்த்திருக்கிறோம்.

"என்ன நிறம்?" என்று அம்மா கேட்டார்.

நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிச்சம் பத்தாது மகன்" என்றார்.

வெயில் நேரே அவருடைய முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போனார். அரிசிப் பானையின் மூடி திறக்கிற சத்தமும், வழக்கமாக அளக்கும் பேணிக்கு மேலே இன்னொரு பேணி அரிசி சுளகில் விழுகிற சத்தமும் கேட்டன. பிறகு ஒழுங்கை முனை முருங்கையில் இலைக்குக் கொப்பு வெட்டக் கத்தி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.